தானாகச் சரியானது

கெட்டுப்போன பொருளைப் பற்றி என் அத்தானுக்குக் கவலை கிடையாது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்பார். கெட்டுப்போய், யாரும் தொடாமலே மறுபடி ஓட ஆரம்பித்த பொருள்தான் அவரைத் தூங்கவிடாது.

அத்தான் என்றால் என் அக்காளின் வீட்டுக்காரர். தென்காசியில் பஸ், லாரிகளுக்கு வயரிங் வேலை பார்த்தார். எழுபதுகளின் கடைசியில் எனக்கு அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் ஆய்க்குடியிலிருந்து தினமும் வந்து போக வேண்டாம் என்று அக்காள் என்னைத் தன் வீட்டிலேயே இருத்திக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று பேரில் அத்தான் பேசுவார், அக்காள் பதில் சொல்லுவாள், நான் சாப்பிடுவேன்.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் ஒரு லாரி. அதில் வேகம் காட்டும் முள் நின்றுவிட்டது என்று டிரைவர் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் டிரைவர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்திருக்கிறார். முள் எழுந்துவிட்டது.

“சரியாயிட்டு அண்ணாச்சி. நான் கெளம்புதேன்.”

“என்ன செஞ்சீரு?”

“ஒண்ணும் செய்யல. தானாச் சரியாயிட்டு.”

“தானாச் சரியானது தானாக் கெடும் வேய்” என்று அத்தான் லாரியில் ஏறி உட்கார்ந்தார். புளியறை செக்போஸ்ட் வரை முள்ளைப் பார்த்துக்கொண்டு போனார். அங்கே இறங்கியிருக்கலாம். மலையேற்றத்தில் முள் நிற்கலாம் என்று தோன்றியதாம். புனலூர் வரை போய், மறுநாள் ஒரு நேந்திரம்பழச் சீப்போடு திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

“ஒரு தடவகூட நிக்கல மாப்ளே” என்று என்னிடம் சொன்னார்.

அக்காள் முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே முள்ளைப் பற்றிச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் மணமேடையின் டியூப் லைட் இரண்டு முறை துடித்துவிட்டு நன்றாக எரிய ஆரம்பித்தது. எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியானார்கள். அந்தக் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு ஏணியும், ஏணியில் இரண்டு கால்களும் தெரியும். அந்தக் கால்கள் அத்தானுடையவை. போட்டோ பாதி இருட்டாக இருக்கும்.

இதற்கு இன்னொரு பாதி உண்டு. குறை என்ன என்று தெரிந்த நிமிஷத்தில் அந்தப் பொருள் அவருக்கு முடிந்துபோகும். எங்கள் வீட்டு ரேடியோவில் ஒரு கரகரப்பு வந்தது. பல நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் “இதுதான்” என்று ஒரு சின்னக் கம்பியை எனக்குக் காட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கம்பியைத் திரும்ப வைத்ததும், மூடியைப் போட்டுத் திருகாணி முடுக்கியதும் நான்தான். அந்த ரேடியோ அதன்பிறகு என்ன பாடியது என்று அவருக்குத் தெரியாது.

படகு விஷயம் எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது.

இலஞ்சியில் ஒருவர் இருந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். ஊரில் கப்பல்காரர் என்றுதான் பெயர். கடலை விட்டு வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொல்லத்தில் சொல்லி ஒரு பாய்மரப் படகு செய்து லாரியில் கொண்டுவந்து குளத்தில் இறக்கினார். புளியறை செக்போஸ்ட்டில் அதை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரச்சாமான் என்று எழுதி அனுப்பினார்களாம். அவருடைய நாற்காலி, பெஞ்சுகளோடு அதுவும் ஊருக்குள் வந்தது.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று இறங்கும். குடையைத் திருப்பும் காற்று. அந்தக் காற்றில் படகு குளத்தில் நன்றாகவே போனது. தென்கரைக்குப் போகும், வடகரைக்கு வரும். வேறு எங்கும் போக இடமில்லை. கரையில் எருமை குளிப்பாட்டுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படகில் இரண்டு மீட்டர் இருந்தன. ஒன்று படகின் வேகத்தைக் காட்டும். அதற்காகப் படகின் அடியில், தண்ணீருக்குள், நெல்லிக்காய் அளவில் ஒரு சக்கரம் சுற்றும். மற்றொன்று காற்றின் வேகத்தையும் திசையையும் காட்டும். அதற்குப் பாய்மரத்தின் உச்சியில் மூன்று கிண்ணங்களும் ஒரு வாலும் இருந்தன. இரண்டும் ஏதோ துறைமுகத்தில் ஆசையாக வாங்கியவை. இரண்டும் ஓடவில்லை. ஊரில் மீட்டர் என்றால் அத்தான்தான். கப்பல்காரர் கடைக்கு வந்து கூப்பிட்டார்.

தண்ணீருக்குள் சுற்றும் சக்கரத்தின் குறை முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆகாயத்தாமரை வேர் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தான் அதைப் பிடுங்கிக் காட்டினார். அந்த மீட்டரை அவர் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி வேர் சுற்றியபோது கப்பல்காரரே குளத்தில் முங்கி எடுத்தார்.

காற்று மீட்டர் அப்படி இல்லை. கரையில் கட்டிக் கிடக்கும்போது ஒழுங்காகக் காட்டும். கிளம்பித் தெற்கே போனால் முள் படுத்துவிடும். வடக்கே திரும்பி வரும்போது எழுந்துகொள்ளும். கரைக்கு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அத்தானுக்கு இதைவிடப் பெரிய சன்மானம் யாரும் கொடுத்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இலஞ்சிக்குப் போனோம். நானும் போக வேண்டியிருந்தது. காற்றில் படகு ஒரு பக்கம் சாயும். சாயாமல் இருக்க எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். நான் கொஞ்சம் பருமன். கப்பல்காரர் என்னைப் பார்த்ததும், “இவரு போதும்” என்றார். தெற்கே போகும்போது வலது பலகையில் உட்காருவேன். வடக்கே வரும்போது இடது பலகைக்கு மாறிக்கொள்வேன். எப்போதும் மலைப் பக்கம். யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அத்தானின் வழி இதுதான்: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். உச்சிக் கிண்ணத்தில் குளவி கூடு கட்டியிருந்தது; அதைத் தட்டிவிட்டு ஒரு சுற்று. மீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பேட்டரியை மாற்றி ஒரு சுற்று. பாய்மரத்துக்குள் இறங்கும் வயரை மாற்றி ஒரு சுற்று.

“மொத்தமா எல்லாத்தையும் மாத்திரும் வேய்” என்றார் கப்பல்காரர்.

“மாத்துனா ஓடும். ஏன் ஓடுதுன்னு தெரியாதுல்லா.”

“ஓடுனாப் போதும்லா.”

அத்தான் வயரை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்படிப் பேசுகிறவர்களிடம் அவர் மரியாதையாக இருந்துவிடுவார்.

கப்பல்காரருக்கும் படகு அலுத்துவிட்டது. கொல்லத்தில் ஹோட்டல் வைத்திருந்த ஒருவர் அதைத் தன் ஊர்க் காயலில், உப்பங்கழியில், விடுவதற்கு வாங்கிக்கொள்கிறேன் என்று பார்க்க வந்தார். அன்று காலையில் கரையில் படகு ஆடிக்கொண்டிருந்தது. காற்று மீட்டரின் முள் நிமிர்ந்து நின்று காட்டியது. கொல்லத்துக்காரர் குனிந்து பார்த்து, “கொள்ளாமே” என்று மலையாளத்தில் மெச்சினார்.

கப்பல்காரர் அத்தானைத் தனியாக இழுத்துவந்தார். “வேய், அது ஓடுது. நீரு கையைக் கட்டிக்கிட்டு அந்த மரத்தடியில உக்காரும். ஒரு மணி நேரம்.”

“தானா ஓடுது.”

“ஓடட்டும் வேய்.”

அத்தான் மரத்தடிக்குப் போனார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துகூட இருந்தார். கப்பல்காரர் காப்பி எடுத்துவர வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது பாய்மரம் கரையில் படுத்திருந்தது. கிண்ணம், வால், வயர் எல்லாம் ஒரு தார்ப்பாயில் வரிசையாக இருந்தன. கொல்லத்துக்காரர் காப்பியைக் குடித்தார். ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து பார்த்தார். தார்ப்பாய் அப்படியே இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கப்பல்காரர் கோபப்படவில்லை. “எத்தனையோ கடல் பாத்தாச்சு. கரையில வச்சு என்னைய முக்குனது நீரு ஒருத்தர்தான்” என்று சொல்லிவிட்டுக் குளக்கரையில் உட்கார்ந்துகொண்டார்.

“வாங்கிட்டுப் போயிருந்தா காயல்ல வச்சு நின்னுருக்கும்” என்றார் அத்தான். அதுவும் உண்மைதான்.

எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, பாய்மரத்தை நிறுத்தினோம். முள் காட்டியது. அத்தான் மீட்டரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “அந்தக் குறடை எடு மாப்ளே” என்றார். குறடு படகின் மூலையில் கிடந்தது. எட்டி எடுப்பதற்காக வலது பலகையில் உட்கார்ந்தேன்.

முள் படுத்துவிட்டது.

அத்தான் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்திரி.”

எழுந்தேன். முள்ளும் எழுந்தது.

“உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“எந்திரி. உக்காரு. எந்திரி.”

கரையில் எருமையோடு நின்ற ஆள், “என்ன அண்ணாச்சி, பள்ளிக்கூடமா நடத்துதீய?” என்று கேட்டார். பலகைக்கு அடியில் வயர் போகிறது. நான் உட்கார்ந்தால் பலகை அதை நசுக்குகிறது. கரையில் படகு நிற்கும்போது யாரும் அங்கே உட்காருவதில்லை.

“எல்லாத்தையும் மாத்துனேன். ஒன்னைய மாத்தல” என்றார் அத்தான். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. “நீ படகோட சேத்தின்னு நெனச்சுட்டேன் மாப்ளே.”

பலகையை அரை அங்குலம் தூக்கி வைத்தால் போதும். அதை அவர் செய்யவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு இலஞ்சிப் பக்கமே போகவில்லை. படகு கொஞ்ச நாளில் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் வேட்டி, சேலை காயப்போட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அக்காளிடம் விவரமாகச் சொன்னார். நான் எழுந்ததையும் உட்கார்ந்ததையும் நடித்தே காட்டினார். அக்காள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது காய்ச்சல் என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. அவளிடமிருந்து தம்ளரை வாங்கும்போது அவள் கை சுட்டது. “ஆஸ்பத்திரிக்குப் போவமாக்கா?” என்றேன். “போயிரும்லே” என்றாள். சமைத்தாள், தண்ணீர் எடுத்தாள், படுத்தாள்.

நாலைந்து நாள் கழித்து மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் திடீரென்று கையை நிறுத்திவிட்டு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

“காத்தாடியில ஒரு சத்தம் வருது. கேக்கா?”

“எனக்குக் காய்ச்சல் கெடந்துச்சு” என்றாள் அக்காள்.

“எப்ப?”

“படகுக் கதை சொன்னீயளே, அன்னைக்கு. அதுக்கு மொதல்லயும். அதுக்குப் பொறவும்.”

“இப்ப?”

“இப்பப் போயிட்டு.”

“போயிட்டுல்லா” என்றார் அத்தான்.

“ஆமா. தானாத்தான் போச்சு. ஏன் போச்சுன்னு கேட்டீயளா?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லியிருந்தால் எப்படியோ, அந்த நேரம் பார்த்துக் காத்தாடி மறுபடி சத்தம் போட்டது. அவர் கண் மேலே போய்விட்டது. அக்காள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் காலையில் இரண்டு சேலைகளை எடுத்துக்கொண்டு ஆய்க்குடிக்குப் போய்விட்டாள். சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. “நீ வேலையைப் பாரு” என்று என்னிடம் சொன்னாள்.

அத்தான் ஆய்க்குடிக்குப் போனார். எங்கள் அம்மா காப்பி கொடுத்தாள். அக்காள் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. அடுத்த தடவையும் அப்படியே. அதன்பிறகு அவர் கடைக்கும் சரியாகப் போகவில்லை. காத்தாடியின் சத்தம் நாளுக்கு நாள் கூடியது. அவர் அதன்கீழே படுத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். மழைக்காலம் வந்தது. அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் வராமலே போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் அதற்குமேல் தாங்குவார் என்று தோன்றவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அடுப்படியில் அக்காள் இருந்தாள். அத்தான் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றத் தோன்றவில்லை.

“ஒண்ணு சொல்லிருதேன்” என்றாள் அவள், திரும்பாமலே. “ஏன் வந்தேன்னு கேக்கப்படாது. கேட்டியள்னா அடுத்த பஸ்ல ஏறிருவேன்.”

“கேக்கல” என்றார்.

அக்காள் சொன்னால் செய்வாள் என்பது அவருக்கும் தெரியும்.

பக்கத்தில் சோடாக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி அவருக்குப் புத்தி சொன்னார். “வந்துட்டாள்லா வேய். கும்புட்டுக்கிட்டு இரும். நீரு ஏன் வந்தேன்னு கேட்டா, எதுக்கு இருக்கணும்னு அவ கேப்பா. ஒம்மகிட்ட பதில் இருக்கா?”

“இல்ல.”

“பொறவென்ன.”

ஆனால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் தொடாமல் சரியாகியிருக்கிறது. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். கேட்டால் போய்விடுவாள், கேட்காவிட்டாலும், ஏன் வந்தாள் என்று தெரியாதவரை எப்போது வேண்டுமானாலும் போய்விடுவாள். அவர் அறிந்த வழி ஒன்றுதான். கேட்காமல் கண்டுபிடிப்பது.

ஒரு நாள் ரேடியோவைப் பிரித்து நடுவீட்டில் பரப்பி வைத்தார். வேறு எதுவும் செய்யவில்லை. அக்காள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். போகவில்லை. ரேடியோவைப் பூட்டிவிட்டார். திருகாணியை அவரே முடுக்கினார். இன்னொரு நாள் வேண்டுமென்றே பிந்தி வந்தார். அவள் சாப்பிட்டுத் தூங்கியிருந்தாள். காத்தாடியைச் சரிசெய்தார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒரு நாள், “கொழம்பு நல்லாருக்கு” என்றார். எனக்குப் புரையேறிவிட்டது.

அக்காளுக்கு அவர் வேலை தெரியாதா. “ஒங்க அத்தான் என்னைய ஒவ்வொரு வயராக் கழத்திப் பாக்காவ” என்று அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

அடுத்த நாள் ரசத்தில் உப்பு இல்லை. அதே நாளில் தீபாவளிச் சேலையை உடுத்தியிருந்தாள். அத்தான் ரசத்தையும் பார்த்தார், சேலையையும் பார்த்தார். அதிலிருந்து எதையும் தனியாக ஒன்று மட்டும் செய்யமாட்டாள். சிரித்துக்கொண்டே கதவை ஓங்கிச் சாத்துவாள். அவருக்குப் பிடித்த அவியலை வைத்துவிட்டு அவரோடு பேசமாட்டாள்.

“மாப்ளே, ஒரே நேரத்துல ரெண்டை மாத்துதா” என்றார் என்னிடம். “இப்படிப் பண்ணுனா நான் எதை வச்சுப் பாக்கது?”

பார்ப்பதை மட்டும் அவர் விடவில்லை. அவள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள், எந்த முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதை ஒரு நாள் கண்டுபிடித்துவந்து எனக்குச் சொன்னார். எனக்கு அது சின்ன வயதிலிருந்து தெரியும். சீசனில் அவளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போனார். அவள் பெண்கள் பக்கம் குளித்து வரும்வரை, மாற்றுச்சேலையை மடியில் நனையாமல் பொத்திக்கொண்டு சாரலில் நின்றார். அவர் மட்டும் முழுக்க நனைந்து திரும்பினார்.

எனக்கும் அறிய ஆசையாக இருந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன். நான் கேட்டதால் அக்காள் சொன்னாள்.

“அம்மை வீட்டுத் தோசைக்கல்லு ஒட்டுதுலே. எங் கல்லை எடுத்துட்டுப் போவம்னு வந்தேன். வந்து பாத்தா ரெண்டு பேரும் அதுல உப்புமாவைக் கிண்டி அடிப்பிடிக்க விட்டு வச்சிருக்கீய. இப்படியே எப்படித் தூக்கிட்டுப் போவன்னு தேய்க்க உக்காந்தேன். தேச்சு முடிக்கையில மழை வந்துட்டு. பஸ் போயிட்டு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டு, “இதை அவியகிட்ட சொல்லிராதே” என்றாள். “தெரிஞ்சு போச்சுன்னா நானும் அந்தப் படகுதான்.”

நான் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமான காரியம் அல்ல.

எண்பதுகளின் நடுவில் எங்கள் முதலாளி மதுரையில் இன்னொரு கடை போட்டார். என்னை அங்கே அனுப்பினார். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு என் டிரங்குப் பெட்டியை அத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் எனக்கு இடம்பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

“மாப்ளே, அவ ஏன் வந்தாள்னு ஒனக்குத் தெரியும்லா?”

நான் பெட்டியைப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

“தெரிஞ்சிருக்கு” என்றார். “ரொம்ப நாளாவே தெரிஞ்சிருக்கு, என்ன?”

“அத்தான்...” என்றேன். இத்தனை வருஷம் என்னை வீட்டில் வைத்திருந்தவரை இப்படியே விட்டுப் போவது சரியில்லை என்று தோன்றியது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அவர் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் வாயைப் பொத்தினார். கையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

“சொல்லிராதே மாப்ளே. நான் இன்னும் பாத்து முடிக்கல.”

பஸ் கிளம்பும்வரை அவர் நிற்கவில்லை. அக்காளுக்கு அன்று முட்டுவலி. குழாயில் தண்ணீர் வருகிற நேரம்.